மூன்று விரலுக்கு மேல்

என் மூத்த பிள்ளை காய்ச்சலில் போய், பதினாறு கழிந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. சந்தை நாள். வீட்டில் இருந்தால் அவள் அம்மையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று, கயிற்றுக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு கடை போட வந்துவிட்டேன். வந்தேனே ஒழிய வாயைத் திறந்து கூவ முடியவில்லை. மாட்டுச்சந்தையில் கயிறு விற்கிறவன் கூவாமல் இருந்தால் பொழுது சாய்கிறவரை இருந்துவிட்டுக் கட்டோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆனால் அன்றைக்கு ஆட்கள் தாமாக வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து, "மூக்கணாங்கயிறு ஒண்ணு, மாடு கட்டுத தும்பு ரெண்டு" என்று கேட்டு வாங்கினார்கள். ஒருவர்கூட விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. உச்சிப்பொழுதுக்குள் கட்டு தீர்ந்துபோயிற்று. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. எங்கள் ஊரில் பேரம் பேசாமல் ஒருவன் பொருள் வாங்கினால் அவன் கொடுத்த காசில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். ஒவ்வொரு காசையும் கல்லில் சுண்டிச் சத்தம் கேட்டேன். எல்லாம் நல்ல காசு.

ஆறு மாதம் கழித்துத்தான் விஷயம் வெளிவந்தது. தச்சநல்லூரிலிருந்து உழவுக்கு மாடு வாங்க வருகிற ஒரு சம்சாரி, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"அன்னைக்கு மைதீன் சாயபுதான் உம்ம கடையக் காட்டினாரு. அங்கன ஒருத்தன் பேசாம உக்காந்திருக்கான், பிள்ளையப் பறிகொடுத்தவன், அவன்கிட்ட கயிறு வாங்கு, விலை குறைச்சுக் கேட்டேன்னா அடுத்த சந்தையில உனக்கு மாடு பேச மாட்டேன்னாரு. எங்க எல்லார்கிட்டயும் அதே மிரட்டல்தான்."

முகம்மது மைதீன் எங்கள் மருதம்பேட்டைச் சந்தையில் மாட்டுத்தரகர். என் கடைக்கு நேர் எதிரே புளியமரத்தடியில்தான் நிற்பார். வாரந்தோறும் பார்க்கிற முகம். ஆறு மாதத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்று நானும் சொல்லிக்கொள்ளவில்லை. அவரைப்பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். ஊரைத் தெரியாவிட்டால் அவருக்கு நடந்தது விளங்காது.

மருதம்பேட்டை உண்டானதே ஒருவரையொருவர் நம்பாததால்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தாமிரபரணிக்கு வடகரைக்காரர்கள் தென்கரை ஊர்களுக்குள் பொருளோடு வரப் பயந்தார்களாம். தென்கரைக்காரர்களுக்கு வடகரை போகப் பயம். அதனால் யார் வீட்டுக்கும் பக்கத்தில் இல்லாமல், மருதமரங்கள் நின்ற ஆற்றுமேட்டில் வாரம் ஒருநாள் கூடி விற்று வாங்கிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அவரவர் கரைக்குத் திரும்பினார்கள். பிறகு வண்டி அவிழ்த்துப்போட ஒரு பேட்டை, ஒரு பிள்ளையார், ஒரு பள்ளிவாசல், வேதக்காரர்களுக்கு ஒரு ஓலைக் கோயில் என்று ஊர் வந்தது. பயம் மட்டும் போகவில்லை. மணிமுத்தாற்று மலைப்பக்கத்திலிருந்து தேன் வந்தால் திரியை நனைத்துக் கொளுத்திப் பார்ப்போம். திருச்செந்தூர்ப் பக்கத்துக் கருப்பட்டியை உடைத்து நடுவில் மணல் இருக்கிறதா என்று நக்கிப் பார்ப்போம். நெய்யைப் புறங்கையில் தேய்ப்போம். மாட்டுக்குப் பல் பார்ப்போம், வயதைக் குறைத்துக் காட்டப் பல்லை ராவியிருக்கிறானா என்று மறுபடியும் பார்ப்போம். செங்கோட்டை ரயில் வந்தபிறகு முகம் தெரியாத வியாபாரிகள் வந்து இறங்கினார்கள். அதிலிருந்து இது இன்னும் கூடிப்போயிற்று.

மாட்டு விலையை நாங்கள் வாயால் சொல்வதில்லை. ஒருவன் விலை அடுத்தவன் காதில் விழக்கூடாது. தரகர் தோளில் கிடக்கிற துண்டால் தம் வலது கையை மூடிக்கொண்டு நீட்டுவார். வாங்குகிறவன் துண்டுக்குள் கையை விட்டு அவர் விரல்களைப் பிடிப்பான். பெருவிரல் மட்டும் என்றால் பத்து ரூபாய். ஆள்காட்டி விரலையும் சேர்த்தால் இருபது. நடுவிரலோடு முப்பது, மோதிரவிரலோடு நாற்பது, கை முழுவதும் பிடித்தால் ஐம்பது. தரகர் பிறகு மாட்டுக்காரனிடம் போய், துண்டுக்குள் அவன் விரலை அதே கணக்கில் பிடித்துச் சொல்வார். முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் வாய் பேசிக்கொண்டிருக்கும், விலையைக் கை பேசும். இடது கையைத் துண்டுக்குள் நீட்டவே கூடாது. செத்த மாட்டுக்கு விலை கேட்கிற கை அது என்பார்கள். நீட்டினால் அடிதடிதான்.

இந்தத் துண்டு ஒன்றைத்தான் ஊர் நம்பியது. தரகன் துண்டுக்குள் பொய் சொன்னான் என்று தெரிந்தால், சந்தைக் குத்தகைக்காரர் அவன் துண்டைப் பறித்துச் சந்தை வாசல் கல்தூணில் கட்டிவிடுவார். அது மக்கிப் போகிறவரை அங்கேயே கிடக்கும். அவன் மறுபடி சந்தைக்குள் வரமுடியாது.

மைதீன் துண்டு பிடித்த இருபது வருஷத்தில் ஒரு புகார் கிடையாது. நெட்டை ஆள், குறுந்தாடி, அரையில் பச்சை வார். எல்லாரையும் நக்கல் பண்ணுவார். "இந்த மாட்டுக்கா பல்லு பாக்குதீரு? மாடு உம்ம பல்லப் பாத்துச் சிரிக்கி பாரும்வே" என்பார். கோபப்பட வந்தவனும் சிரித்துவிடுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம் ஐப்பசியில் முதல் பிசகு வந்தது. நாறும்பூநாதன் என்ற சம்சாரி தன் வெள்ளைக் காளையைக் கொண்டுவந்தார். பிள்ளைபோல வளர்த்த காளை. நாஞ்சில் நாட்டு வியாபாரி ஒருவர் கேட்டார். மைதீன் துண்டுக்குள் நாறும்பூநாதனின் மூன்று விரலைப் பிடித்தார். முப்பது! நாறும்பூநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. காளையை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து ரயிலடியில் அந்த வியாபாரியும் இவரும் தற்செயலாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்ல மாட்டுக்கு அம்பது கேட்டேன், கொடுக்காமப் போயிட்டீரே" என்றார் வியாபாரி.

"அம்பதா? முப்பதுன்னுல்லா எனக்குச் சொன்னான்!"

அடுத்த செவ்வாய்க்கிழமை நாறும்பூநாதன் வந்து கத்தினார். மைதீன் தலையைக் குனிந்துகொண்டு, "பிசகிப்போச்சு அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். இருபது வருஷத்தில் ஒரு பிசகு என்று ஊர் விட்டுவிட்டது. ஆனால் கார்த்திகையில் இன்னொன்று வந்தது. மார்கழியில் இரண்டு. எல்லாம் ஒரே மாதிரி. வாங்குகிறவன் நாற்பதோ ஐம்பதோ பிடித்திருப்பான். விற்கிறவனுக்கு முப்பதுதான் வந்துசேரும். வியாபாரம் முறியும்.

ஊர் ஒரே நாளில் முடிவுகட்டிவிட்டது. நல்ல மாடுகளின் வியாபாரத்தை மைதீன் வேண்டுமென்றே முறிக்கிறார். மாட்டுக்காரன் மனம் தளர்ந்த பிறகு வெளியூர் ஆள் ஒருவனைக் கொண்டுவந்து மலிவாக வாங்க வைப்பார். இருவரும் பங்குபோட்டுக்கொள்வார்கள்.

சந்தைக் குத்தகைக்காரர் அப்பாத்துரை என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சத்தம் போடாமல் பேசத் தெரியாது.

"ஏ ஆவுடை, உம்ம கடை அவனுக்கு எதுக்க இருக்கு. நீரு கோயில் குளம்னு போற ஆளு, பொய் சொல்ல மாட்டீரு. அவன் மேல ஒரு கண்ணு வையும். எவன்கூடப் பேசுதான், எங்க போறான், எல்லாம் எனக்குத் தெரியணும்."

"அண்ணாச்சி, எனக்கு அவரு ஒரு உதவி..." என்று இழுத்தேன்.

"உதவி செஞ்சவன்தான்வே களவாங்குவான். உதவாக்கரை எப்படிக் களவாங்க முடியும்?"

மறுக்கத் தைரியம் வரவில்லை. அதுமட்டுமில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் சந்தேகம் இருந்தது. அன்றைக்கு என் கயிற்றை விற்றுக்கொடுத்தாரே, அதுகூட எதிர்க்கடைக்காரன் வாயை முன்கூட்டியே அடைத்துவைக்கத்தானோ என்றுகூட நினைத்தேன். என் அப்பன் முருகன் என்னை மன்னிக்க வேண்டும்.

தை மாதம் முழுக்கப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வளர்ந்தது.

முப்பதுக்கு உட்பட்ட மாட்டில் ஒரு கோளாறும் இல்லை. கிழட்டு மாடு, கன்று, கறவை வற்றினது என்றால் விலை அச்சுப்போலப் போய்ச் சேர்ந்தது. முப்பதைத் தாண்டினால்தான் பிசகு. கை தடுமாறுகிறவனுக்கு நல்ல மாட்டில் மட்டுமா தடுமாறும்?

முன்பெல்லாம் யார் வெற்றிலை நீட்டினாலும் வாங்கிப் போட்டுக்கொள்வார். இப்போது, "அங்கன வையும், எடுத்துக்கிடுதேன்" என்றார். குளிப்பதும் எல்லாரோடும் இல்லை. படித்துறையைத் தாண்டி, எருமைகள் இறங்குகிற கீழ்ப்பக்கத்துக்குத் தனியாகப் போனார். வியாபாரம் இல்லாத நேரத்திலும் வலது கையைத் துண்டு சுற்றியே கிடந்தது.

சந்தைக்குள் சுக்குவெந்நீர் விற்கிற சாலோமி ஒருநாள் என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, அந்தச் சாயபு கையி மனுசக் கையே இல்ல. அடுப்புல இருந்து எடுத்த செம்பு, நான் துணி வச்சுல்லா பிடிக்கேன். அவரு வெறுங்கையால வாங்கிக் கதை பேசிக்கிட்டு நிக்காரு! விரலு கொப்புளிச்சுப்போச்சு. 'ஐயோ கையி'ன்னு நான் கத்தின பெறவுதான் குனிஞ்சு பாக்காரு. என்னத்தையோ மந்திரம் படிச்சிருக்காரு."

எல்லாவற்றுக்கும் மேலே குடைக்காரன். தையில் மூன்று செவ்வாய்க்கிழமை, வெளியூர் ஆள் ஒருவன் கறுப்புக் குடையோடு ரயிலடிப் பக்கமிருந்து வந்தான். மாட்டைப் பார்க்கவில்லை, ஒன்றும் வாங்கவுமில்லை. புளியமரத்துக்குப் பின்னால் மைதீனோடு குசுகுசுவென்று பேசினான். துணி சுற்றிய ஒரு பொட்டலம் கை மாறியது. அதன் பிறகு மைதீன் பக்கத்தில் போனால் ஒரு கசப்பு எண்ணெய் வாடை அடித்தது.

எல்லாவற்றையும் அப்பாத்துரையிடம் சொன்னேன். அவர் தொடையில் தட்டினார்.

"குடைக்காரன்தான் கூட்டாளி! பொட்டலம் பங்குக்காசு! அடுத்த செவ்வாய்க்கு ஒரு சோதனை வைப்பம். நாறும்பூநாதன் காளையக் கொண்டாரட்டும். வாங்குத ஆளு நீரு. நல்லாக் கேட்டுக்கிடும், அஞ்சு விரலையும் பிடிக்கணும். அவன் அங்க போயி மூணுன்னு சொன்னான்னா, அங்கனேயே துண்டப் பிடுங்கிருவேன்."

அந்த வாரம் மைதீன் தம் மகள் ஜுபைதாவின் நிக்காஹுக்கு நாள் குறித்திருந்தார். ஒரே பிள்ளை. மாப்பிள்ளை கடையநல்லூர், தறிக்காரர் வீடு. மாசியில் கல்யாணம். வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார், என்னிடமும் சொன்னார். நான் நிமிர்ந்து பார்க்காமல் கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டு போனேன். நாறும்பூநாதன் காளையோடு நின்றார். அப்பாத்துரையும் நாலு பெரிய ஆட்களும் ஒன்றும் தெரியாதவர்கள்போலத் தள்ளி நின்றார்கள். நான் மாட்டைச் சுற்றி வந்தேன். மைதீன் சிரித்தார்.

"என்ன தம்பி, கயிறு வித்துக் கயிறு வித்து, கட்டுததுக்கு மாடும் வேணும்னு ஆயிப்போச்சா?"

துண்டு மூடிய கை என் முன்னால் நீண்டது. நான் கையை உள்ளே விட்டேன்.

பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல். நான் பிடித்ததும் மூன்றும் பதிலுக்கு லேசாக அழுத்தின. தரகன் விரல் அப்படித்தான், பிடித்தால் பதில் சொல்லும். மற்ற இரண்டையும் சேர்த்து இறுக்கினேன். அவை பதில் சொல்லவில்லை. இரண்டும் உள்பக்கமாக வளைந்து, ஈரமில்லாமல், குளிர்ந்துபோய் இருந்தன. ஒன்றில் காய்ந்த கொப்புளம் தட்டுப்பட்டது. என் நகத்தால் சுண்டுவிரலை நன்றாக அழுத்திக் கிள்ளினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "இந்த வருசம் மாசிப் பனி ஜாஸ்தியா இருக்கும் போலுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சுக்குவெந்நீர், வெற்றிலை, எருமைத்துறை, எண்ணெய் வாடை என்று எல்லாம் ஒரே நொடியில் எனக்குள் வரிசையாக வந்து நின்றன. அது குஷ்டம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

அவர் பேச்சு பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. திரும்பி நாறும்பூநாதனிடம் போய்த் துண்டை நீட்டினார்.

"மூணு!" என்று நாறும்பூநாதன் அலறினார். "மூணுங்கான்! பாத்தீங்களா எல்லாரும்!"

அப்பாத்துரை பாய்ந்து வந்தார். "ஆவுடை, நீரு எத்தன பிடிச்சீரு? சத்தமாச் சொல்லும்!"

சந்தையே கூடிவிட்டது. ஐந்து என்றால் அவர் திருடர். ஐந்து விரலைத்தான் பிடித்தேன், இரண்டு விரலுக்கு உணர்ச்சி இல்லை, அவர்மேல் குற்றமில்லை என்று சொன்னால் திருடர் இல்லை. ஆனால் அதைச் சொன்ன மறுநொடி அந்தக் கூட்டம் பத்தடி பின்னால் போகும். அவர் வீட்டுக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்க மாட்டார்கள். ஜுபைதாவுக்கு இந்தச் சீமையில் எவனும் மாப்பிள்ளை வரமாட்டான்.

"சொல்லும்வே!"

"அவர என்னத்துக்குப் போட்டு மிரட்டுதீரு?" என்றார் மைதீன். "அஞ்சுதான் பிடிச்சாரு. நான்தான் மூணுன்னு சொன்னேன்."

"ஏன்லே சொன்ன?"

"ஏன் சொல்லுவாங்க? ஆசைதான்."

"அந்தக் குடைக்காரன் யாரு? உன் கூட்டாளிதானே?"

"ஆமா. பேரு சொல்ல மாட்டேன். களவுலயும் ஒரு மொறை இருக்குல்லா."

சிலர் சிரித்துவிட்டார்கள். அப்பாத்துரை துண்டைப் பறிக்கக் கையை நீட்டினார். மைதீன் ஒரு எட்டு பின்னால் போய், "நீரு தொடாதயும், நானே தாரேன்" என்று இடது கையால் துண்டை உருவித் தரையில் போட்டார். வலது கை சட்டைக்குள் போய்விட்டது. இடது கையால் கொடுத்தான் என்று அதற்கு வேறு நாலு வசவு. ஒரு குச்சியால் எடுத்துத் துண்டைக் கல்தூணில் கட்டினார்கள். என் வாயிலிருந்து கடைசிவரை ஒரு வார்த்தை வரவில்லை.

கடையைக் கட்டாமலே ஆற்றுக்கு ஓடினேன். வெயில் இன்னும் இருந்தது. மணலை அள்ளி அள்ளி அந்தக் கையைத் தேய்த்தேன். தோல் எரிந்தது. கீழ்ப்பக்கம் எருமைத்துறையிலிருந்து சத்தம் வந்தது.

"நல்லாத் தேயும் தம்பி. தப்பில்ல."

மைதீன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். எனக்கு அப்படியே ஆற்றில் முங்கிச் செத்துப்போகலாம் என்று இருந்தது. தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். அவர் கிட்டே வரவில்லை, அங்கேயே நின்று பேசினார்.

"புரட்டாசியில ஆரம்பிச்சுது. மொதல்ல மரத்துப்போச்சுன்னு நெனச்சேன். இப்ப மூணு விரலு வரைக்கும்தான் எனக்கு வெளிச்சம். அதுக்கு மேல இருட்டு. மூணா, நாலா, அஞ்சா, ஒண்ணும் தெரியாது. திருப்பிக் கேக்கலாம்னா, இருவது வருசமாத் துண்டு பிடிக்கவன் திருப்பிக் கேட்டா ஏன்னு கேப்பாங்க. இடது கைய நீட்டவும் முடியாது. கூட்டிச் சொல்லி, வாங்குதவன் கையக் கடிச்சிரக் கூடாதுன்னு மூணுன்னே சொல்லிட்டேன்."

"அந்தக் குடைக்காரரு?"

"வைத்தியரு. இந்த வியாதிக்குப் பூச, குப்பியில நீரடிமுத்து எண்ணெய் கொண்டாருவாரு. பாவம், அவரையும் களவாணி ஆக்கிப்போட்டேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"நான் போயி அப்பாத்துரை அண்ணாச்சிகிட்ட மட்டும் சொல்லட்டுமா? துண்ட அவுத்துருவாரு."

"அவுத்துருவாரு. மறுநாள் ஊருக்கே தெரியும், அவருக்குத்தான் பையப் பேச வராதே. மாசி இருவதுக்கு எம்புள்ளைக்கு நிக்காஹ். அது வரைக்கும் நான் களவாணியா இருந்துக்கிடுதேன். முடிஞ்சதும் நானே போயிருதேன்."

நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆனால் சோதனை அத்தோடு முடியவில்லை. அடுத்த சந்தையன்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து விசாரிக்க ஆள் வந்தது. சம்பந்தம் வைக்கிற இடத்தைப்பற்றி எதிர்க்கடைக்காரனிடம் விசாரிப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளையின் மாமன் அலி அக்பர் என் கடை முன்னால் வந்து நின்றார். சிவந்த கண், குறைந்த பேச்சு. ஒரு தும்பை எடுத்து முறுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தக் கல்தூணுல கெடக்க துண்டு பொண்ணோட வாப்பாவோடதாமே?"

"ஆமா."

"களவாணிதானா?"

"ஊரு அப்படித்தான் சொல்லுது."

"நீரு என்ன சொல்லுதீரு?"

"நான் கயிறு விக்கவன்."

அவர் தும்பைக் கீழே வைத்தார். "களவ விடும். ஆம்பளைன்னா ஆசை இருக்கும், அடிபட்டாத் திருந்துவான். எங்களுக்கு வேற ஒரு கேள்விதான். அந்த மனுசன் கைய மூடிக்கிட்டே திரியுதாரு, எனக்கு அது சரியாப் படல. வீட்டுல நோய் நொடி உண்டா? நீரு நெத்தி நெறயப் பூசியிருக்கீரு, அதனால உம்மகிட்ட கேக்கேன்."

துண்டுக்குள் நான் கிள்ளிய அந்த விரல் என் நகத்திலேயே இருந்ததுபோல இருந்தது. ஒரு பெண் பிள்ளைக்குக் கொள்ளிவைத்துவிட்டு வந்தவன் நான். அன்றைக்கு என் கயிற்றை விற்றுக்கொடுத்தது யார் என்பதும் நினைவுக்கு வந்தது.

"துண்டு போன ஆளு வெக்கத்துல கைய மூடாம என்ன செய்வாரு?" என்றேன். "நோய் நொடி ஒண்ணும் கெடையாது. எனக்குத் தெரியும்."

அவர் என் கண்ணையே வெகுநேரம் பார்த்தார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு தும்பு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரிடம் மாடு கிடையாது.

அந்தப் பொய்யை முருகன் சந்நிதியில் வருஷம் தவறாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த வியாதி தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவதில்லை என்று வெகு காலம் கழித்து ஒரு டாக்டர் சொல்லக் கேட்டேன். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொன்னேன். அதுதான் பாவம்.

நிக்காஹ் நடந்தது. மைதீன் வாசலில் நின்றபடியே எல்லாரையும் வரவேற்றார், யாரையும் கட்டித் தழுவவில்லை. களவாணிக்குக் கூச்சம் என்று ஊர் பேசிக்கொண்டது. ஜுபைதா பீவி கடையநல்லூரில் நன்றாக வாழ்ந்தாள். போன வைகாசியில் தலை நரைத்தவளாக என்னைத் தேடி வந்தாள். அவள் உம்மா ஆசியா உம்மாள் சாகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். "மாமா, என் கடைசி மகளையும் கட்டிக்கொடுத்தாச்சு. இனி எனக்குப் பயம் கெடையாது. எங்க வாப்பாவ இந்த ஊரு இன்னமும் களவாணிங்கி. நீங்க எழுதுங்க" என்றாள். அதனால்தான் எழுதினேன்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த நேரம். சந்தை இல்லாத நாள், மேடு வெறிச்சோடிக் கிடந்தது. தெற்கே திருவிதாங்கூர்ப் பக்கம் அந்த வியாதிக்காரர்களுக்கென்று பாதிரிமார் நடத்துகிற ஒரு இடத்துக்குப் போவதாகச் சொன்னார். ஊராரிடம் மலையாளச் சீமையில் வியாபாரம் என்று சொல்லியிருந்தார். தோளில் படுக்கைச்சுருள். அதைக் கட்டியிருந்த கயிறு இற்றுப்போயிருந்தது.

நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் புதுக்கயிறு ஒன்றை எடுத்துவந்து, சுருளைத் தரையில் வைக்கச் சொல்லி, நானே கட்டினேன். பழைய கயிற்றை என்னிடமே வைத்துக்கொண்டேன். விற்ற மாட்டோடு பழைய கயிறு போவதில்லை, அதை மாட்டுக்காரன்தான் வைத்துக்கொள்வான். அவர் அதைப் பார்த்தார். கையை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு இரண்டு எட்டு தள்ளி நின்றார்.

வாசலில் கல்தூணில் அவர் துண்டு வெயிலில் வெளுத்து ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு சுருளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பழைய மைதீனாகச் சிரித்தார்.

"யாரு கேட்டாலும் களவாணின்னே சொல்லும், தம்பி. சின்னக் களவாணின்னு மட்டும் சொல்லி என் பேரக் கெடுத்துராதயும்."